மலை குளிர்கிறது, பெட்டி கொதிக்கிறது!

ஏற்காட்டில் கலியாணப் படம் வெட்டும் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது எப்படி?

சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் 38 டிகிரி, 40 டிகிரி என்று உஷ்ணம் ஏறுகிறது. பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால், உடம்பைத் தொடும் காற்றே வேறு! சேர்வராயன் மலையின் மேல், ஏறக்குறைய 5 ஆயிரம் அடி உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. கோடையிலும் அங்கே உஷ்ணம் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்பதால் ஏற்காடு என்று பெயர் வந்தது என்பார்கள். "ஏழைகளின் ஊட்டி" என்றும் சொல்லுவார்கள்.

காப்பித் தோட்டத்தில் பனி இறங்குகிறது. மிளகுக் கொடியில் நீர் சொட்டுகிறது. வீட்டுக்குள் இருப்பவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே வீட்டில், மேஜை மேல் இருக்கும் ஒரு பெட்டிக்குள் மட்டும் உஷ்ணம் 90 டிகிரியைத் தொடுகிறது!

அது என்ன பெட்டி? வீடியோ படங்களை வெட்டி ஒட்டும் கம்ப்யூட்டர். உதிரிப் பாகங்களைக் கடையில் வாங்கி, வீட்டிலேயே பூட்டியது. இப்படிப் பூட்டுவதை "அசெம்பிள் செய்வது" என்கிறார்கள்.

"மலை ஊரில் இருக்கிறோம், நம் கம்ப்யூட்டருக்கு என்ன சூடு வரப்போகிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஊர் குளிர்ந்தால் மட்டும் பெட்டி குளிர்ந்துவிடாது. உள்ளே பிறக்கும் சூடு வெளியே போக வேண்டும். அதற்கு வழி இருந்தால், சேலத்து வெயிலிலும் பெட்டி ஒழுங்காக ஓடும். வழி இல்லாவிட்டால், ஏற்காட்டுப் பனியிலும் நின்றுவிடும்.

கத்தரிக்கோல் காலம்

சேலத்துக்காரர்களுக்குப் படம் வெட்டுவது புதிய தொழில் அல்ல.

ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை அடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில், "மாடர்ன் தியேட்டர்ஸ்" ஸ்டூடியோ இருந்தது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935-ல் அதைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. முதல் மலையாளப் பேசும் படமான "பாலன்" (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) படமும் அவர்கள் எடுத்ததே.

அந்தக் காலத்தில் படத்தொகுப்பாளர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. பிலிம் சுருளைக் கண்ணால் பார்த்து, வேண்டாத இடத்தை வெட்டி, வேண்டிய இடத்தை ஒட்டினார்கள். சூடு எல்லாம் படப்பிடிப்புத் தளத்தில்தான். பெரிய பெரிய விளக்குகளின் கீழே நடிகர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. வெட்டும் அறையில் அவ்வளவு சூடு இல்லை.

பிறகு காலம் மாறியது. 1989-ல் அமெரிக்காவில் "ஆவிட்" என்னும் கம்ப்யூட்டர் படத்தொகுப்பு முறை விற்பனைக்கு வந்தது. 1994-ல் வெளியான "மகாநதி", அந்த முறையைக் கையாண்ட தொடக்ககால இந்தியப் படங்களில் ஒன்று. அன்று பெரிய சினிமாக் கம்பெனிகளுக்கு மட்டுமே எட்டிய அந்த வசதி, இன்று வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

இப்போது சூடு இடம் மாறிவிட்டது. படம் எடுக்கும் காமிரா கையடக்கமாகிவிட்டது. படம் வெட்டும் மேஜைதான் கொதிக்கிறது!

திரும்ப எடுக்க முடியாத படம்

சினிமாவில் ஒரு காட்சி கெட்டுப்போனால் மறுபடியும் எடுக்கலாம். கலியாணத்தில் முடியுமா?

தாலி கட்டுவது ஒரே ஒரு முறை. அந்த நேரத்தில் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டது ஒரே ஒரு முறை. அடுத்த ஆண்டு தாத்தா இருக்கிறாரோ, இல்லையோ! அந்தப் படம் அழிந்தால், எத்தனை ரூபாய் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது.

ஏற்காட்டிலும், மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், கீழே சேலத்திலும் வீடியோ எடுப்பவர்களில் பலர் வீட்டின் ஓர் அறையிலேயே வேலையை முடிக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அவர்களுடைய ஸ்டூடியோ. முகூர்த்த மாதங்களில் வேலை குவியும்.

"தம்பி, மறுவீட்டுக்குள்ள படம் கையில கிடைச்சிடும் இல்ல?" என்று பெண்ணின் மாமா கேட்பார்.

"கிடைச்சிடும் மாமா!" என்று தம்பி வாக்குக் கொடுத்திருப்பார்.

அன்று இரவு, முக்கால்வாசி வேலை முடிந்த நேரத்தில், பெட்டி "படக்"கென்று நின்றுவிட்டால்? வாக்கும் போகும், பெயரும் போகும், சில சமயம் படமும் போகும். பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது தொழிலாளி வீட்டு அடுப்பை எரிய வைக்கும் காரியம்.

ஏன் இவ்வளவு சூடு?

வீடியோ என்பது என்ன? வேகமாக ஓடும் போட்டோக்கள். நம் நாட்டில் வழக்கமாக ஒரு விநாடிக்கு 25 போட்டோ.

இப்போது "4-கே" என்னும் துல்லியமான படம் பழக்கத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒரு போட்டோவின் அகலத்தில் 3,840 புள்ளிகள். உயரத்தில் 2,160 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள்! இது ஒரு போட்டோவுக்கு. ஒரு விநாடிக்கு 25 போட்டோ என்றால், 20 கோடியே 73 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் பார்க்க வேண்டும்; வெளிச்சம் பார்க்க வேண்டும்; பிறகு சுருக்கிக் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போடுவது இரண்டு உறுப்புகள். ஒன்று "பிராசசர்". மற்றொன்று "கிராபிக்ஸ் கார்டு".

பிராசசருக்குள் இருக்கும் சில்லு விரல் நகம் போல் சிறியது. 1971-ல் வெளிவந்த "இன்டெல் 4004" சில்லில் சுமார் 2,300 மின் சுவிட்சுகள் இருந்தன. இன்றைய சில்லுகளில் பல நூறு கோடி சுவிட்சுகள் இருக்கின்றன. அவை விநாடிக்குப் பல நூறு கோடி தடவை துடிக்கின்றன. துடிக்கும்போது மின்சாரம் செலவாகிறது. செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது.

வேலை மும்முரமாக நடக்கும்போது பிராசசர் 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு 200 வாட், 300 வாட் என்று இழுக்கும். எல்லாம் சேர்ந்து 400 முதல் 500 வாட் வரை ஆகிவிடும். துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டி பொதுவாக 750 முதல் 1,000 வாட். ஆக, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அரை இஸ்திரிப் பெட்டி ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம். கலியாணப் படமோ இரவு முழுவதும் ஓடும்!

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. 1946-ல் அமெரிக்காவில் "எனியாக்" என்ற ராட்சத கம்ப்யூட்டர் மக்களுக்குக் காட்டப்பட்டது. அதில் சுமார் 18 ஆயிரம் வால்வுகள்; எடை சுமார் 30 டன். அது 150 கிலோவாட் மின்சாரம் குடித்தது. சூட்டை வெளியேற்றப் பெரிய ஊதுவிசிறிகளை வைத்தார்கள். 1976-ல் வந்த "கிரே-1" கம்ப்யூட்டருக்குள், குளிர்பதனப் பெட்டியில் ஓடுவது போன்ற திரவத்தையே குழாய் வழியாக ஓடவிட்டார்கள். கணக்கு எங்கே வேகமாக நடக்கிறதோ, அங்கே சூடும் கூடவே வரும்.

கொதித்தால் என்ன ஆகும்?

இன்றைய பிராசசர்கள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரி வரை தாங்கும். அந்த எல்லையைத் தொட்டவுடன் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மலை ஏறும் லாரி, எஞ்சின் சூடானால் மெதுவாகப் போவது போல. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை நீண்டுகொண்டே போகும். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அது தூசி அடைத்த பெட்டியாக இருக்கும்!

அதற்கும் மேலே சூடு ஏறினால், உயிரைக் காத்துக்கொள்ள பெட்டி தானாகவே அணைந்துவிடும். சேமிக்காத வேலை போச்சு!

வெளியே தெரியாத நஷ்டமும் உண்டு. மதர்போர்டிலும், மின்சாரம் கொடுக்கும் "எஸ்.எம்.பி.எஸ்." பெட்டியிலும் "கெப்பாசிட்டர்" என்னும் சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன. அவற்றின் உஷ்ணம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின் பொறியாளர்களின் பழைய கணக்கு. எனவே சூட்டில் ஓடும் பெட்டி, கண்ணுக்குத் தெரியாமல் கிழமாகிக்கொண்டே இருக்கிறது.

மலைக்காற்றின் இரண்டு முகங்கள்

இங்கேதான் ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விந்தை இருக்கிறது.

மலைக்காற்று குளிர்ந்தது. அது நன்மை. ஆனால் மலைக்காற்று மெல்லியது! 5 ஆயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், அது தள்ளும் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. எடை குறைந்த காற்று சூட்டையும் குறைவாகவே சுமந்து போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலத்தில் அறையின் உஷ்ணம் 38 டிகிரி. பிராசசர் அதைவிட 45 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 83 டிகிரி. அதே பெட்டியை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால், காற்று மெலிந்திருப்பதால் கூடுதல் சூடு 45-க்குப் பதில் சுமார் 50 ஆகிவிடும். அறை உஷ்ணம் 24 டிகிரி என்றால் மொத்தம் 74 டிகிரி. சேலத்தைவிட 9 டிகிரி லாபம். ஆனால் அறைக்கு அறை உள்ள வித்தியாசம் 14 டிகிரி அல்லவா? மீதி 5 டிகிரியை மெல்லிய காற்று எடுத்துக்கொண்டுவிட்டது!

குளிர்சாதனப் பொறியாளர்களின் "ஆஷ்ரே" என்ற அமெரிக்கச் சங்கமும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களுக்கு அது ஒரு விதி வகுத்திருக்கிறது. சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு மேல், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் உஷ்ணத்தை 1 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த விதி.

குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வேலை செய்தால், இருக்கும் லாபமும் போய்விடும். சின்ன அறையில் 500 வாட் எரிந்தால், அந்த அறையே கணப்பு மூட்டியது போல் ஆகிவிடும். உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாக இருக்கும். பெட்டிக்கு அது சுகம் அல்ல. மேலே உள்ள வென்டிலேட்டரையாவது திறந்து வைக்க வேண்டும்.

பழைய மாதிரி ஹார்டு டிஸ்குக்கும் காற்று தேவை. அதன் எழுதும் முனை, சுற்றும் தட்டின் மேல் மெல்லிய காற்று மெத்தையில் மிதக்கிறது. வழக்கமான ஹார்டு டிஸ்குகள் 10 ஆயிரம் அடி உயரம் வரை வேலை செய்யும்படி செய்யப்படுகின்றன. ஏற்காடு அதில் பாதி உயரம்தான். ஆகவே பயம் வேண்டாம்.

காற்றுக்கு வழி விடுங்கள்

எல்லோரும் "சி.பி.யு." என்று அழைக்கும் அந்தப் பெட்டியை, ஒரு வீடு போல எண்ணிக்கொள்ள வேண்டும். முன்வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று வர வேண்டும். கொல்லை வழியாகச் சூடான காற்று போக வேண்டும். சூடான காற்று மேலே எழும்பும். ஆகவே பின்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் இருக்கும் விசிறிகள் காற்றை வெளியே தள்ள வேண்டும். முன்பக்க விசிறிகள் உள்ளே இழுக்க வேண்டும்.

வீட்டில் பூட்டும்போது சிலர் விசிறியைத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். முன்னும் பின்னும் இரண்டுமே உள்ளே ஊதினால் என்ன ஆகும்? சூடு உள்ளேயே சுற்றும். ஒரு சிறு காகிதத் துண்டை விசிறிக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது.

முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று என்பது நல்ல ஏற்பாடு. உள்ளே வருவது சற்று அதிகமாக இருந்தால், சந்து பொந்துகள் வழியாகத் தூசி நுழையாது. முன்வாசலில் தூசி வடிகட்டும் வலை இருக்க வேண்டும். உள்ளே ஒயர்கள் சடைபோல் தொங்கினால் காற்று தடைப்படும். அவற்றைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

பெட்டியை அலமாரிக்குள் வைக்கக்கூடாது. சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது; ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையில் வைத்தால் தூசி முழுவதும் அதற்குத்தான். ஒரு சிறு பலகையின் மேல் வைப்பது நல்லது.

"பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, மேஜை விசிறியைப் போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். அவசரத்துக்கு ஓர் இரவு அப்படிச் செய்யலாம். ஆனால் அதையே வழக்கமாக்கக் கூடாது. மலை ஊரில் வெளிச்சத்துக்கும் வெதுவெதுப்புக்கும் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். எலி வந்தால் ஒயரைக் கடிக்கும்!

ஆயுத பூஜை அன்று மட்டும் போதாது

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பது நம் வழக்கம். தொழில் செய்யும் கருவியை வணங்குவது நல்ல குணம். ஆனால் சந்தனம், குங்குமம், பூ ஆகியவற்றைக் காற்றுப் போகும் துவாரத்தின் மேல் வைக்கக்கூடாது. சாம்பிராணிப் புகையை நேராகப் பெட்டிக்குக் காட்டக்கூடாது. புகை உள்ளே போய்ப் பிசுக்காகப் படியும். அதன் மேல் தூசி ஒட்டும்.

வடிகட்டும் வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். பெட்டியின் உள்ளே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். முதலில் மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். காற்று ஊதும் புளோயரால் தூசியை வெளியே ஊதலாம். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுவிடும். ஈரத்துணி கூடவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்!

ஆடி மாதத்தில் கலியாணம் இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்க அதுதான் தோதான மாதம்.

பிராசசருக்கும், அதன் மேல் உட்காரும் உலோகக் குளிர்விப்பானுக்கும் நடுவே ஒரு பசை தடவுவார்கள். "தெர்மல் பேஸ்ட்" என்று பெயர். இரண்டு உலோகங்கள் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அங்கே தங்கும் காற்று சூட்டைக் கடத்தாது. பசை அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது காய்ந்துபோகலாம். பழையதைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதுப்பசை வைத்தால் போதும். நிறைய அப்பினால் நிறையக் குளிரும் என்பது தவறு.

பனி உள்ளே வரலாமா?

ஏற்காட்டில் மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். காமிரா லென்சில் பூஞ்சை படரும் என்பது மலை ஊர்ப் போட்டோக்காரர்கள் அறிந்த தொல்லை. ஈரம் கம்ப்யூட்டருக்கும் ஆகாது.

ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குப் பனியால் அதிக ஆபத்து இல்லை. அதன் உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்காது. ஆபத்து, பல நாள் அணைத்து வைத்திருக்கும் பெட்டிக்குத்தான். அது குளிர்ந்து கிடக்கும்போது ஈரக்காற்று பட்டால், செம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் வெளியே முத்து முத்தாக வேர்ப்பது போல, உள்ளே நீர் படியக்கூடும்.

ஆகவே வேலை இல்லாத மாதத்திலும் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். பனி இறங்கும் நேரத்தில் அந்த அறை ஜன்னலை மூட வேண்டும். அணைத்து, நன்றாக ஆறிய பிறகு துணியால் மூடலாம். ஓடும்போது உறை போட்டு மூடுவது, கொதிக்கும் பானைக்கு மூடி போட்டது போல!

குளிர்ந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பான, ஈரமான இடத்துக்குப் பெட்டியையோ காமிராவையோ கொண்டுபோனால், உடனே சுவிட்சைப் போடக்கூடாது. பையைத் திறக்காமலே ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுக்க வேண்டும்.

கொஞ்சம் நிதானம்

வேகமாக ஓட வேண்டும் என்று சிலர் பிராசசரை அதன் இயல்புக்கு மேல் முடுக்கிவிடுகிறார்கள். விளையாட்டுக்கு அது சரி. சோற்றுக்கு வழி காட்டும் பெட்டியில் அது வேண்டாம்.

உண்மையில், கொஞ்சம் குறைத்து ஓட்டுவதே புத்திசாலித்தனம். மின் அழுத்தத்தைச் சிறிது குறைத்தால், செலவாகும் மின்சாரம் அதைவிட அதிகமாகக் குறையும். அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் மின்செலவு ஏறக்குறைய 19 சதவீதம் குறையும் என்பது கணக்கு. பிராசசர் இழுக்கும் வாட் அளவுக்கு ஓர் எல்லை வைக்க, மதர்போர்டின் அமைப்புத் திரையிலேயே பெரும்பாலும் வசதி இருக்கிறது. வேகம் சற்றுக் குறைந்தாலும் சூடும் விசிறிச் சத்தமும் நன்றாகத் தணியும்.

இன்னொரு வழியும் உண்டு. பெரிய 4-கே படத்தை அப்படியே வைத்து வெட்டாமல், அதற்குச் சிறிய நகல் ஒன்று தயாரித்துக்கொண்டு, அதை வைத்து வெட்டலாம். கடைசியில் கம்ப்யூட்டரே அந்த வெட்டுகளைப் பெரிய படத்துக்கு மாற்றிக்கொள்ளும். இதற்கு "பிராக்சி" முறை என்று பெயர். பகல் முழுவதும் பெட்டிக்குப் பாரம் குறையும்.

இடியும் மின்வெட்டும்

சூட்டுக்கு அடுத்த எதிரி, தடுமாறும் மின்சாரம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் திடீரென்று இறங்கினால், வேலை நடுவே பெட்டி அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும் படம் சிதையும்.

இதற்கு யு.பி.எஸ். வேண்டும். ஆனால் சின்ன யு.பி.எஸ். போதாது. 600 வி.ஏ. என்று எழுதியிருந்தால் 600 வாட் தாங்கும் என்று நினைக்கக்கூடாது. சாதாரணமாக அது 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். 450 வாட் இழுக்கும் பெட்டிக்குக் குறைந்தது 1,000 வி.ஏ. தேவை. யு.பி.எஸ்.-ஸை நம்பி வேலையைத் தொடரக்கூடாது. சேமித்துவிட்டு, ஒழுங்காக அணைப்பதற்கு மட்டுமே அது.

கோடை மழையோடு இடி வரும். இடிச் சத்தம் கேட்டால் சேமித்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இன்டர்நெட் ஒயரையும் பிடுங்க வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் உள்ளே வரும்! மலையில் பாறை நிலம் அதிகம். பாறையில் எர்த் சரியாகப் பிடிக்காது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்துக்கொள்வது உயிருக்கும் நல்லது, பெட்டிக்கும் நல்லது.

மூன்று பிரதி

இவ்வளவு செய்தும் ஒருநாள் பெட்டி கெடலாம். யந்திரம் யந்திரம்தான். ஆகவே கலியாணத்திலிருந்து வீட்டுக்கு வந்தவுடன், சாப்பிடுவதற்கு முன்பே, படத்துக்கு மூன்று பிரதி எடுத்துவிட வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று தனி டிஸ்கில். மூன்றாவது வேறு ஒரு வீட்டில், அல்லது இன்டர்நெட் சேமிப்பில். படத்தைக் குடும்பத்தாரிடம் கொடுக்கும்வரை காமிரா கார்டை அழிக்கக்கூடாது.

முகூர்த்தம் வருமுன் ஒரு சோதனை

கலியாண மாதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, பழைய படம் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். உஷ்ணத்தைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதைத் திரையில் வைத்துக்கொண்டு கவனிக்க வேண்டும்.

பிராசசர் 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 90-ஐத் தாண்டினால் தூசியையும் விசிறியையும் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் பசையை மாற்ற வேண்டும். உஷ்ணம் குறைவாக இருந்தும் நீலத் திரை வந்து நின்றால், குறை சூட்டில் இல்லை. மெமரியையோ, எஸ்.எம்.பி.எஸ்.-ஸையோ சோதிக்க வேண்டும்.

பார்த்த எண்களைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. அடுத்த முறை அதே வேலைக்கு 10 டிகிரி கூடுதலாகக் காட்டினால், பெட்டி தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறது. அந்த வாரமே திறந்து பார்த்துவிட்டால், மறுவீட்டுக்குள் படம் போய்ச் சேரும். பெண்ணின் மாமாவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும்.